பின்னால் கட்டிய கார்

ஹெப்சிபாவுக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பது கல்யாணத்துக்கு முன்பே ஜோஸ்வாவுக்குத் தெரியும். அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் அவளுடைய அப்பா சிலுவைமுத்து லாரிப் பட்டறை வைத்திருந்தார். ரிப்பேருக்கு வந்து நிற்கும் வண்டிகளைப் பட்டறைக்குள் முன்னே பின்னே நகர்த்தி வைப்பது, பத்தாவது முடித்த நாளிலிருந்து அவள் வேலை. ஜோஸ்வா அப்போது பருத்தி லோடு அடிக்கும் லாரி டிரைவர். குடி உண்டு. எண்பத்தொன்றில் ஒரு ஜெபக் கூட்டத்தில் அழுது மனந்திரும்பி, ஸ்டியரிங்கை விட்டு மைக்கைப் பிடித்தான். அடுத்த வருஷம் அவளைக் கட்டிக்கொண்டான். பேச்சு அவனுக்கு நன்றாக வந்தது. தான் குடித்துக் கெட்ட கதையை அவன் சொல்ல ஆரம்பித்தால் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார்கள்.

எண்பத்தைந்தில் காணிக்கைப் பணத்தில் ஒரு பழைய பஸ்ஸை வாங்கினான். சீட்டுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஒரு கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, தகரத் தண்ணீர்த் தொட்டி, துணி மாட்டக் கம்பி எல்லாம் வைத்தான். மேலே நான்கு குழாய் ஸ்பீக்கர், பின்னால் ஜெனரேட்டர். ஊர்க்காரர்கள் அதை வீட்டு பஸ்ஸு என்றார்கள். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் அதிலேயே குடியிருந்தார்கள். பிள்ளை இல்லாததால் காலி செய்வது சுலபமாக இருந்தது.

திருச்சுழிப் பக்கம் ஓர் ஊருக்குப் போனால் பத்து நாள் பஸ்ஸை ஒரே இடத்தில் நிறுத்திவிடுவார்கள். சுற்றி இருக்கும் சின்ன ஊர்களுக்குள் அது நுழையாது. கரிசல் பாதையில் மழை பெய்தால் இறங்கவும் முடியாது. மண்ணெண்ணெய்க்கும் அரிசிக்கும் டவுனுக்குப் போக ஜோஸ்வா பஸ் ஸ்டாப்பில் கால் கடுக்க நின்றான். இரண்டு வருஷம் இப்படிப் போன பிறகு, ஒரு கார் வாங்கி, ஊர் மாறும்போது அதை பஸ்ஸுக்குப் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போகலாம் என்று முடிவு செய்தான். தனியாக ஒரு டிரைவர் வைக்க அவனுக்கு மனமில்லை.

எந்தக் கார் என்று மாமனாரிடம் கேட்க ஹெப்சிபாவோடு பட்டறைக்கு வந்தான். சிலுவைமுத்து மகளைப் பார்த்தார்.

“பின்னாடி கட்டி இழுக்கத்தான் பாக்கோம், கனம் கொறஞ்சதா இருக்கணும்” என்றாள் ஹெப்சிபா. “மாருதி கெடைச்சா அதுதான் நல்லது. முன்வீலுல ஓடுத வண்டி, நியூட்ரல்ல விட்டுட்டா பின்னாடியே வந்துரும். இல்லன்னா பழைய ஜீப்பு.”

மாருதி நோஞ்சான் என்றான் ஜோஸ்வா. அவன் மனதில் இருந்தது மதுரையில் விலைக்கு வந்திருந்த ஒரு வெள்ளை அம்பாசிடர். அது கனம், பழைய பஸ்ஸின் பிரேக் இரண்டு வண்டிப் பாரத்தைத் தாங்காது என்று அவள் எடுத்துச் சொன்னாள். பின்வீல் உருளும்போது கியர் பாக்ஸும் சேர்ந்து சுற்றி வீணாகும், அதனால் ஒவ்வொரு தடவையும் அடியில் படுத்து, இன்ஜினையும் பின்வீலையும் இணைக்கும் ஷாஃப்டைக் கழற்ற வேண்டியிருக்கும் என்றும் சொன்னாள்.

“ஜீப்புல போயி எறங்குனா பாரஸ்டு ஆபீசர்னு நெனச்சு ஓடுவான். அம்பாசிடர்ல எறங்குனாத்தான் எந்திரிச்சு நிப்பான்” என்றான் ஜோஸ்வா.

அம்பாசிடரே வந்தது. சிலுவைமுத்து இரும்புக் குழாயில் முக்கோணமாக ஓர் இழுவைச் சட்டம் அடித்துக் கொடுத்தார். இரண்டு கால்கள் காரின் முன்பக்கம், கூர் முனை பஸ்ஸின் பின்பக்கம், மூன்று இடத்திலும் இரும்பு முளை. ஸ்டியரிங்கை யாரும் தொட வேண்டாம், சட்டம் இழுக்கிற பக்கம் முன்சக்கரம் தானாகத் திரும்பும் என்று விளக்கினார். ஆனால் முதல் பயணத்திலேயே, கண்மாய்க் கரை இறக்கத்தில் கார் பின்னாலிருந்து பஸ்ஸை நெட்டித் தள்ளியது. அன்று முதல் காரில் ஓர் ஆள் உட்கார்ந்து பிரேக் மிதிக்க வேண்டும் என்றான் ஜோஸ்வா. அந்த ஆள் ஹெப்சிபா.

ஐந்து வருஷம் அவள் அப்படித்தான் ஊர் ஊராகப் போனாள். கண்ணாடிக்கு முன்னால் பஸ்ஸின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியாது. எந்த ஊர் வருகிறது என்பது ஓரத்து மரங்களைப் பார்த்துத்தான் தெரியும். புழுதியும் டீசல் புகையும் அடைக்கும் என்று ஜன்னலை ஏற்றினால் உள்ளே வெந்து போகும். ஜோஸ்வா ஒரு ஹாரன் அடித்தால் மிதிக்க வேண்டும், இரண்டு அடித்தால் விட வேண்டும். மடியில் கையை வைத்துக்கொண்டு, தானாகத் திரும்பும் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஊர் வந்ததும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காருக்கு அடியில் படுத்து ஷாஃப்டை மாட்டுவாள். அதற்குள் ஜோஸ்வா குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பான்.

ஒரு தடவை, லைசென்ஸ் எடுத்துக்கொள்கிறேன், காரை நானே தனியாக ஓட்டி வந்துவிடுகிறேன் என்று கேட்டுப் பார்த்தாள். ஊழியக்காரன் பெண்டாட்டி கார் ஓட்டினால் ஜனம் என்ன பேசும் என்றான் அவன். ஷாஃப்டு கழற்றும்போது ஜனம் பார்க்கவில்லையா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது.

தொண்ணூற்றொன்றில் சிலுவைமுத்து இறந்தார். பட்டறை இருந்த இடத்தை அதன் சொந்தக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டார். மறு வருஷம் மாசி மாதம், பரளச்சியில் கூட்டம் முடிந்து எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கிளம்பும்போது, சட்டத்தின் முளைத் துவாரம் தேய்ந்து நீளவாக்கில் அகன்று போயிருப்பதை ஹெப்சிபா காட்டினாள். வெல்டிங் வைக்காமல் போக வேண்டாம் என்றாள். சாயங்காலக் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடித்தாயிற்று, பிறகு பார்க்கலாம் என்றான் அவன். பக்கத்தில்தானே என்று ஷாஃப்டைக் கழற்றவும் விடவில்லை.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். கண்மாய்க் கரையில் ஏறி இறங்கும் இடத்தில் முளை தெறித்தது. சட்டத்தின் முனை கீழே விழுந்து ரோட்டில் குத்தியது. ஹெப்சிபா பிரேக்கை மிதித்தாள், ஸ்டியரிங்கைப் பிடித்தாள், ஆனால் குத்திய சட்டம் காரை இடது பக்கம் தூக்கி எறிந்தது. ஓரத்தில் பருத்திப் பொதியைத் தலையில் வைத்துக்கொண்டு வெள்ளைத்தாய் என்ற கூலிக்காரப் பெண் வந்துகொண்டிருந்தாள். கார் அவள் வலது காலை வேலிக்கல்லோடு சேர்த்து நசுக்கி நின்றது.

ரோட்டில் வேறு ஆள் இல்லை. ஹெப்சிபா இறங்கி ஓடி, சேலையைக் கிழித்துக் காலைக் கட்டினாள். ஜோஸ்வா தூரத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தான். வந்தவன் வெள்ளைத்தாயைப் பார்த்தான், ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்து முதலில் இழுவைச் சட்டத்தைக் காரிலிருந்து கழற்றினான். அதைப் பஸ்ஸுக்குள் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். அதற்குப் பிறகுதான் வெள்ளைத்தாயைத் தூக்கி அந்தக் கட்டிலில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னான்.

“நீயா காரை எடுத்துட்டு வந்தேன்னு சொல்லிரு. பொம்பளைன்னா அபராதத்தோட விட்ருவாக. பஸ்ஸு மாட்டுச்சுன்னா என் லைசென்ஸு போகும், ஊழியமே நின்னுரும். எத்தன ஆத்துமா இருக்கு, யோசிச்சுப் பாரு.”

அவள் யோசித்தாள். பிரேக்கில் இருந்தது தன் கால்தானே என்றுதான் அவளுக்கு அப்போது தோன்றியது. சரி என்றாள். போலீஸ் ஸ்டேஷனில் அவன் எழுதிக் கொடுத்த மாதிரியே சொன்னாள். வெள்ளைத்தாய்க்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டாள். அபராதமும், கோர்ட் கலைகிற வரை காவலும் தண்டனை. பெஞ்சில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள். அன்று கூட்டம் இருந்ததால் ஜோஸ்வா வரவில்லை.

அடுத்த மாதம் திருச்சுழியில் நடந்த கூட்டத்தில் அவள் முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஜோஸ்வா குடித்துக் கெட்ட கதையைச் சொன்னான். பிறகு குரல் தழுதழுக்க, என் சொந்த வீட்டிலேயே கீழ்ப்படியாமை வந்தது, புருஷன் பேச்சைக் கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஏழையின் காலை வாங்கிவிட்டாள் என் மனைவி, அவளுக்காக ஜெபியுங்கள் என்றான். பக்கத்தில் இருந்த பெண்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தி தோளைத் தடவிக் கொடுத்தாள். கூட்டம் முடிந்து அவள் பஸ்ஸுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் வந்து, இன்றைக்குக் காணிக்கை தாராளம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். அப்புறம் ஒவ்வொரு ஊரிலும் அதைச் சொன்னான்.

தொண்ணூற்றுமூன்றில் பஸ்ஸுக்கு ஒரு தபால் வந்தது. வெள்ளைத்தாய் நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனியின் பதில் அது. கார் ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, அவரே கோர்ட்டில் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆகவே கம்பெனிக்குப் பொறுப்பில்லை என்று இருந்தது. ஹெப்சிபா அதை மூன்று தடவை படித்தாள். ஜோஸ்வாவிடம் காட்டவில்லை. ஒரு பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி வெள்ளைத்தாயின் ஊரான எம்.ரெட்டியபட்டிக்குப் போனாள்.

வெள்ளைத்தாய் கட்டையை ஊன்றி வாசலுக்கு வந்தாள். நடந்ததை ஹெப்சிபா சொல்லத் தொடங்கினாள்.

“எனக்கா சொல்லுத?” என்றாள் வெள்ளைத்தாய். “கம்பியக் கழட்டுனத நான் கீழ கெடந்து பாத்துக்கிட்டுத்தான கெடந்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவ சொன்னா யாரு கேக்கா? ஒம் புருசன் பொய் சொன்னான், அவனுக்கு லாவம். நீ எதுக்குச் சொன்ன?”

ஹெப்சிபா பையைக் கீழே வைத்தாள்.

“அவனுக்காக நீ செயிலுக்குப் போயிருந்தாக்கூட அது ஒன் பாடு. என் காலையும்ல சேத்துக் குடுத்துட்ட.”

ஹெப்சிபா வீட்டு பஸ்ஸுக்குத் திரும்பவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு பவர்லூம் பட்டறையில் நூல் சுற்றும் வேலைக்குச் சேர்ந்து, ஒற்றை அறை எடுத்துத் தங்கினாள். வெள்ளைத்தாயின் வக்கீலைப் பார்த்து, சாட்சி சொல்கிறேன் என்றாள். பஸ் இழுத்து வந்த கார் என்று நிரூபித்தால் பஸ்ஸின் இன்சூரன்ஸ் கம்பெனி நஷ்ட ஈடு கட்ட வேண்டிவரும் என்றார் வக்கீல். ஆனால் உங்கள் பேச்சு எடுபடுமா என்று அவருக்கே சந்தேகம்.

எடுபடவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டே கேள்விதான் கேட்டார். போன தடவை கோர்ட்டில் ஒப்புக்கொண்டது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? அப்போது சொன்னதுதான் பொய் என்றாள். புருஷனை விட்டுப் பிரிந்து வந்துவிட்டீர்களா என்று அவர் அடுத்துக் கேட்டார். ஆமாம் என்றாள். அவர் நீதிபதியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். ஜோஸ்வா வெள்ளைச் சட்டையில் வந்து, மனைவிக்கு மனம் சரியில்லை, அவளுக்காக ஜெபித்துக்கொண்டிருக்கிறேன் என்று சாட்சி சொன்னான். கம்பியைக் கழற்றியதைப் பார்த்தேன் என்று வெள்ளைத்தாய் சொன்னதை, பணத்துக்காகச் சொல்கிறாள் என்று தள்ளினார்கள். அன்று இழுவைச் சட்டத்தில் கட்டித்தான் கார் வந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இல்லை. காரின் சொந்தக்காரரான ஜோஸ்வாதான் பணம் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. அதற்கு முன்பே கார் கைமாறியிருந்தது, வீட்டு பஸ்ஸு வேறு ஜில்லாவுக்குப் போயிருந்தது. வெள்ளைத்தாய்க்கு ஒன்றும் வந்து சேரவில்லை.

அதற்கு அடுத்த மாசியில் இருந்து ஹெப்சிபா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதில்லை. பட்டறைக்கு அன்று லீவு. விடிந்ததும் முதல் பஸ்ஸில் எம்.ரெட்டியபட்டிக்குப் போய், வெள்ளைத்தாய் முன்பு வேலை செய்த பூமிநாதன் காட்டில் பருத்தி எடுப்பாள். முதல் வருஷம் அவளுக்குக் கை பழகவில்லை. மற்ற பெண்கள் மூன்று நிரை முடிக்கையில் அவள் ஒன்று முடிப்பாள், சிரிப்பார்கள். சாயங்காலம் கூலியை வாங்கி அப்படியே கொண்டுபோய் வெள்ளைத்தாயிடம் கொடுப்பாள். வெள்ளைத்தாய் வாங்கி மடியில் முடிந்துகொள்வாள்.

தொண்ணூற்றெட்டில் அந்தக் காட்டில் பருத்தி போடுவதை நிறுத்தும் வரை, ஒவ்வொரு வருஷமும் ஹெப்சிபா போனாள். உட்கார் என்று வெள்ளைத்தாய் ஒருநாளும் சொன்னதில்லை. கூலியைக் கொடுத்துவிட்டு, ஹெப்சிபா நின்றபடியே திரும்பி பஸ் ஸ்டாப்புக்கு நடப்பாள்.