காறை எலும்பு

என் அப்பாவின் நுரையீரல் சுத்தமாக இருக்கிறது என்று நான்தான் எழுதினேன். டைப் அடித்து, பைண்டு போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். நச்சியலில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவள் எழுதியது என்பதால் எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். அழகாகச் சொல்ல எனக்கு வராது.

நச்சியல் என்றால் விஷத்தைப் பற்றிய படிப்பு. தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற எங்கள் லைனில் இதைச் சொன்னபோது யாரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளவில்லை. "ஏன்டி, வெஷத்தக் குடிக்கிறதுக்குத்தான் ஆளு உண்டு. படிக்கக்கூடவா ஆளு கீது?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. என் அம்மா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாள். யாராவது கேட்டால், பெங்களூரில் டாக்டருக்குப் படிக்கிறாள் என்று சொல்லிவிடுவாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்கு வந்தால், சீழ் வடியும் காதோடு ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வாசலில் நிற்பார்கள். எனக்கு எலியின் ஈரலை அறுக்கத் தெரியும். குழந்தையின் காதைப் பார்க்கத் தெரியாது. அதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது.

நான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட விஷம் பாறைத்தூசி. என் கைடு வேறு நினைத்திருந்தார். தங்கவயல்காரி, ஊரைச் சுற்றி, தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைட் மண் மேடு மேடாகக் கிடக்கிறது, அதைத்தான் எடுப்பாள் என்று. சயனைட் வந்த வேகத்தில் போய்விடும், தூசி அப்படிப் போகாது என்று சொன்னேன். சுரங்கத்தின் அடியில் டிரில் மிஷின் பாறையைக் குடையும்போது கிளம்புகிற தூசி, நெஞ்சுக்குள் போனால் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வருடக்கணக்கில் உட்கார்ந்து நுரையீரலைத் தழும்பாக்கும். மருந்து கிடையாது. எங்கள் லைனில் வீட்டுக்கு வீடு ஆண்கள் இருமுவார்கள். இருமலை வைத்தே யார் எழுந்துவிட்டார், யார் இன்னும் படுத்திருக்கிறார் என்று சொல்லலாம்.

என் அப்பா இருபத்தைந்து வருடத்துக்கு மேல் டிரில் மிஷின் பிடித்தவர். அவரும் இருமுவார். பீடி இருமல் என்பார்.

சுரங்க ஆஸ்பத்திரியில், கீழே இறங்குகிற ஆட்களுக்கெல்லாம் வருடத்துக்கு ஒரு தடவை நெஞ்சில் எக்ஸ்ரே எடுப்பார்கள். பிளேட்டு எடுப்பது என்று எங்கள் ஊரில் சொல்வோம். பிளேட்டில் புள்ளி தெரிந்தால் அந்த ஆளைக் கீழே அனுப்ப மாட்டார்கள். மேலே பெருக்குகிற வேலை, காவல் வேலை என்று எதையாவது கொடுப்பார்கள். கொஞ்ச நாளில் வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியதுதான். "அவன மேல ஏத்திட்டாங்க" என்று லைனில் சொன்னால் செத்துப்போன ஆளைப் பற்றிச் சொல்கிற குரலில் சொல்வார்கள்.

அந்தப் பழைய பிளேட்டுகளைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு வருடமும் என் ஆய்வறிக்கையில் ஒரு நகல் அவருக்குத் தர வேண்டும். சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன்.

வேலை இதுதான். விஷப் படிப்பில் முதல் பாடமே அளவு. எவ்வளவு உள்ளே போனது, எத்தனை காலம் போனது. ஒவ்வொரு ஆளும் எந்த ஆழத்தில், எந்த லெவலில் வேலை செய்தான், எத்தனை ஷிப்ட், என்ன வேலை என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு, உள்ளே போயிருக்கக்கூடிய தூசியைக் கணக்குப் போட்டேன். பிறகு அவன் கடைசியாக எடுத்த பிளேட்டைப் பார்த்தேன். தூசி கூடக்கூடப் புள்ளி கூடியது. நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் ஒன்பது பேர் அதில் அடங்கவில்லை. எல்லாரும் இருபது வருடம் தாண்டிய டிரில்காரர்கள். பிளேட்டு மட்டும் பச்சைக் குழந்தையின் நெஞ்சு மாதிரி இருந்தது. அந்த ஒன்பதில் ஒருவர் என் அப்பா.

கைடு துள்ளிக் குதிக்காத குறை. அவர்கள் உடம்பில் தூசியைத் தடுக்கிற ஏதோ ஒன்று இருக்கலாம், அது என்ன என்று தேடுவதுதான் உன் ஆய்வு என்றார். ஒரு கருத்தரங்கில் பேசினேன். கை தட்டினார்கள். அறிக்கையில் ஒரு முழு அத்தியாயம் எழுதினேன். நகல் பெரிய டாக்டருக்கும் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். அவரை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "உன் நெஞ்சு சாதா நெஞ்சு இல்ல நைனா, தூசிக்கு மசியாத நெஞ்சு" என்றேன். "அப்டியா" என்றார். அம்மாவைப் பார்த்தார். அம்மா ரசம் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனாள். ரசம் அவள் பக்கத்திலேயே இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் அப்பா வாசலுக்குப் போய் ரொம்ப நேரம் இருமினார். பத்தடி தூரத்தில் இருமுகிற மனுஷனை விட்டுவிட்டு நான் பிளேட்டை நம்பினேன். என்னைவிட முட்டாள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் இருந்திருக்க முடியாது.

அடுத்த வருடம், ஆய்வேட்டில் சேர்க்கப் படம் தேவைப்பட்டது. அந்த ஒன்பது பிளேட்டையும் இரவல் வாங்கிப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, முதல்முறையாக விளக்குப் பெட்டியில் பக்கம் பக்கமாக வைத்தேன். அதுவரை ஒவ்வொன்றாகத்தான் பார்த்திருந்தேன், அதுவும் நுரையீரலை மட்டும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே ஓடுகிற காறை எலும்பைப் பார்க்க எனக்கு என்ன அவசியம்? அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்பாவின் இடது காறை எலும்பில், உடைந்து கோணலாகக் கூடிய ஒரு முடிச்சு இருந்தது. அப்பாவுக்கு எலும்பு எதுவும் எப்போதும் உடைந்ததில்லை. பக்கத்துப் பிளேட்டிலும் அதே முடிச்சு. அதற்கு அடுத்ததிலும். ஒன்பதில் ஐந்தில் அதே முடிச்சு, அதே இடத்தில்.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். என் அம்மாவின் தம்பிக்கு இருந்தது அது. ஆண்டர்சன்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் மாமா. சின்ன வயதில் புட்பால் கோல்கீப்பர். கோல் கம்பத்தில் மோதித் தோளை உடைத்துக்கொண்டவர். குழந்தைகளான நாங்கள் அந்த முடிச்சை அமுக்கினால், சைக்கிள் பெல் மாதிரி "ட்ரிங்" என்பார். நாங்கள் திரும்பத் திரும்ப அமுக்குவோம். ஒருமுறைகூட அவர் சலித்துக்கொண்டதில்லை.

மறுநாள் ரயிலைப் பிடித்து நேராகக் கடைக்குப் போனேன். டயருக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முதலில் சிரித்தார்.

"அதுல இன்னா கீது? ஆளுங்க அவங்க டோக்கன என்கிட்ட குடுப்பாங்க, போயி மூச்ச இழுத்துப் புடிச்சிகினு நிப்பேன், வந்துருவேன். கம்பவுண்டரு டோக்கன் நம்பரப் பாப்பானா, மூஞ்சியப் பாப்பானா? ஒரு பிளேட்டுக்கு ஒரு பிரியாணி. உங்கப்பன்கிட்ட மட்டும் அதுவும் வாங்குல. அக்கா புருஷன் ஆச்சே."

எத்தனை வருடமாக என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. நீ காலேஜ் சேர்ந்த வருஷத்திலிருந்து என்றார். அதற்கு முந்தின வருடம் கம்பவுண்டர் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, புள்ளி ஆரம்பித்திருக்கிறது, அடுத்த பிளேட்டில் டாக்டர் கண்ணில் படும் என்று சொல்லியிருக்கிறான்.

வீட்டுக்குப் போய் அப்பாவைக் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். விஷத்தைப் படிக்கிற பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அவளிடமே மறைப்பாயா என்றேன். நான் வந்து கேட்ட லெவல், ஷிப்ட், வருடம் எல்லாவற்றையும் அவர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். ஒன்றுகூடப் பொய் இல்லை. நெஞ்சு மட்டும் வேறு ஆளுடையது.

"சொல்லியிருந்தா நீ படிப்ப உட்டுட்டு வந்து நிப்ப," என்றார். "நீ ஒரு மொரடு."

அவரைப் பெங்களூருக்குக் கூட்டிப்போய் உண்மையான பிளேட்டு எடுத்தேன். படிக்க யாரும் தேவைப்படவில்லை. மேல்பக்கம் இரண்டு நுரையீரலிலும் ரவையை அள்ளி இறைத்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். வலது பக்கம் அவை ஒன்றாகச் சேர்ந்து கட்டியாகியிருந்தன. என் கணக்கில் அவருக்கு எவ்வளவு புள்ளி இருக்க வேண்டுமோ, அவ்வளவும் இருந்தது. என் கணக்கு சரி. அதைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஆஸ்பத்திரியின் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அப்பா எனக்கு டீ வாங்கி வந்தார்.

தூசியால் வந்த நோய் என்று சுரங்க ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தால் அவருக்கு ஒழுங்கான வைத்தியமும் நஷ்டஈடும் கிடைக்கும். அவர் வர மாட்டேன் என்றார். இழுத்துக்கொண்டு போனேன். பெரிய டாக்டர் புதுப் பிளேட்டையும் போன வருடப் பிளேட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தூசி நோய் ஒரே வருடத்தில் இப்படி முற்றாது, இது டி.பி. என்றார். பிறகு மேஜை டிராயரைத் திறந்து என் அறிக்கையை எடுத்தார். பைண்டு போட்ட அதே நகல்.

"உங்க பொண்ணே எழுதியிருக்காங்களே, உங்க நெஞ்சு தூசியத் தாங்கும்னு," என்றார் அப்பாவிடம். என் பக்கம் திரும்பினார். "நீங்களே சொல்லுங்கம்மா. எது சரி?"

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அந்த நெஞ்சு இவருடையது இல்லை என்று ஒரு வரி சொன்னால் போதும். சொன்னால் டோக்கனை மாற்றிக் கொடுத்த குற்றத்துக்கு அப்பாவின் வேலையும் வீடும் போகும். இன்னும் கீழே இறங்கிக்கொண்டிருந்த மற்ற ஆட்களுடையதும் கூடவே போகும். அப்பாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. டிரில் பிடித்த கை. அந்த வயதிலும் இரும்பு மாதிரி இருந்தது.

"எம்பொண்ணு எழுதுனது சரிதான் சார்," என்றார். "பீடிதான் காரணம்."

ரயிலில் சீட்டுக்காக ஊரே திரும்பிப் பார்க்கச் சண்டை போடுகிறவள், அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் ரோட்டிலேயே அவரைத் திட்டிக்கொண்டு நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அவர் பின்னால் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "மெதுவாப் போம்மா," என்றார். "உன் வேகத்துக்கு எனக்கு மூச்சு பத்தல."

அவருக்கு டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். சளியில் கிருமி எதுவும் இல்லை. இல்லாத நோய்க்கு மாத்திரை. அது சிறுநீரைச் செம்மஞ்சளாக்கும். ஈரலை அது என்ன செய்யும் என்பது என் எம்.எஸ்ஸி. பரீட்சையில் கேட்ட கேள்வி. நல்ல மார்க் வாங்கியிருந்தேன். சாப்பிடாதே என்று காலில் விழாத குறையாகச் சொன்னேன். நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள், பேச்சு வளரும் என்றார். ஒரு வேளை விடாமல் முழுங்கினார்.

கடைசி மாதங்களில் அவரால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடி, முன்னால் வைத்த ஸ்டூலில் தலையணையைப் போட்டுக் கவிழ்ந்துகொள்வார். மாமா தினமும் கடையைப் பூட்டிவிட்டு வருவார். கக்கூசுக்குத் தூக்கிக்கொண்டு போவது அவர்தான். அப்பாவின் தாடை அந்த இடது தோளில், சரியாக அந்த முடிச்சின் மேல் இருக்கும். ஒருநாள் அப்பா அந்த முடிச்சை விரலால் அமுக்கிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். மாமாவுக்கு "ட்ரிங்" சொல்ல வரவில்லை.

அப்பா போனதற்கு அடுத்த வருடம் சுரங்கத்தை மூடினார்கள். அந்த வாரமே, என் ஒன்பது பேரில் ஒருவர் வீட்டுக்கு வந்தார். "இப்ப எழுதிக்க பாப்பா," என்றார். "இனிமே யார மேல ஏத்துவாங்க? அல்லாரையும் ஏத்திட்டாங்களே." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது.

மறுபடி வீடு வீடாகப் போனேன். இந்தத் தடவை யாரும் மறைக்கவில்லை. மாமாவை அனுப்பிய ஐந்து பேர் போக, மிச்ச நான்கு பேர் தம்பியையோ மருமகனையோ அனுப்பியிருந்தார்கள். ஒன்பதில் ஒரு பிளேட்டுகூட உரிய ஆளுடையது இல்லை. தூசிக்கு மசியாத நெஞ்சு என்று உலகத்தில் ஒன்றும் இல்லை. என் அத்தியாயம் மொத்தமும் குப்பை. கைடிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பிளேட்டுகளை நீக்கிவிடு, நீக்கிய காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுது, மிச்சத்தை வைத்து முடி என்றார். எழுதினேன். அந்தப் பிளேட்டுகள் உரிய ஆட்களுடையவை என்று உறுதி செய்ய முடியாததால் சேர்க்கப்படவில்லை. என் ஆய்வேட்டில் அப்பா இருப்பது அந்த வாக்கியத்தில் மட்டும்தான்.

வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். அம்மாவும் மாமாவும் ஊரிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டு, கழுத்துப் பட்டன் வரை மாட்டியிருந்தார். வெளியூர்த் தேர்வாளர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அந்த ஒரு வாக்கியத்துக்கு வந்தார். ஆள் வேறு என்று எப்படிக் கண்டுபிடித்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார்.

"காலர் போன்," என்றேன்.

அந்த வார்த்தை மாமாவுக்குத் தெரியும். எலும்பு உடைந்தபோது டாக்டர் சொன்னது. அவர் கை தானாக எழுந்து, சட்டைக்கு மேலே இடது தோளை மூடிக்கொண்டதை நான் மேடையிலிருந்து பார்த்தேன்.

தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்ல கவனிப்பு என்று பாராட்டினார்.

நன்றி சார் என்று சொன்னேன்.