பஞ்சாலையின் இடுப்பும் தங்கராஜுவின் கழுத்தும்

பகாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்குகிறவள் பஞ்சாலை. நாள் முழுக்கக் குனிந்துதான் வேலை; பேச்சு மட்டும் யாருக்கும் குனியாது. ஒருநாள் காலையில் குனிந்தவளால் நிமிர முடியவில்லை. அப்படியே வீடு வந்து சேர்ந்தாள்.

லாரி ஓட்டும் கணவன் தங்கராஜுவுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். "குப்புறப் படு. ஏறி மிதிச்சா சரியாயிரும். எங்கப்பாவுக்கே மிதிச்சிருக்கேன்லா."

"அதான் மனுசன் சீக்கிரம் போய்ச் சேந்துட்டாரு. லாரிய எடுய்யா!"

ரஹாங்கில் இருந்தது டாக்டர் நாகநாதனின் கிளினிக். கையால் அழுத்தியே முதுகைச் சரிசெய்யும் கைரோபிராக்டர் என்ற பேரைக் கேட்டாலே ஒரு காலத்தில் முகம் சுளித்தவர் அவர். இப்போது அடுத்த அறையையே கைரோபிராக்டர் நிவேதிதாவுக்குக் கொடுத்திருந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்புல கோளாறு இல்லம்மா. நிவேதிதா பாப்பாங்க" என்று அனுப்பி வைத்தார்.

நிவேதிதாவைப் பார்த்ததும் பஞ்சாலைக்கு நம்பிக்கை போய்விட்டது. "இந்தப் பொண்ணா? காத்தடிச்சா பறந்துரும் போல இருக்கே!"

நிவேதிதா சிரித்தாள். "ஒருக்களிச்சுப் படுத்து, மூச்ச இழுத்து விடுங்க ஆன்டி." பஞ்சாலை மூச்சை விட்டாள். ஓர் அழுத்து. 'பொட்' என்று சத்தம்.

"ஐயோ, முறிச்சுட்டாளே!"

வெளியே நாற்காலியில் தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்த தங்கராஜு அலறிப் புடைத்து எழுந்தான். எழுந்த வேகத்தில் கழுத்து சுளுக்கிக்கொண்டது. உள்ளே பாய்ந்தவனின் முகம் ஒருபக்கமாகவே நின்றுவிட்டதால், "எம் பொண்டாட்டிய என்னா செஞ்ச?" என்று மூலையில் இருந்த எடை மெஷினை மிரட்டினான்.

பஞ்சாலை அதற்குள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழுசாக இல்லாவிட்டாலும் முதுகு நிமிர்ந்திருந்தது. "வலிக்கலய்யா, சத்தத்துக்குத்தான் பயந்துட்டேன். ஒனக்கு என்னா ஆச்சு?"

"கழுத்து திரும்பலடி." அவனே கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டான். "எனக்கும் ஒரு பொட்டு வைங்கலா."

"எல்லாக் கழுத்தயும் அப்படித் திருப்பிற முடியாது அங்கிள். மொதல்ல டாக்டர் பாக்கணும்."

தங்கராஜுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. பொண்டாட்டிக்கு உண்டு, தனக்கு இல்லையா? ஆனால் டாக்டர் பார்த்தபோது ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. டாக்டர் வாசலுக்கே போய் அறியாதவன் அவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உடம்பு கல் மாதிரி இருப்பதாகச் சொல்லித் திரிந்தவன். கழுத்துக்குச் சுடுநீர் ஒத்தடமும் பயிற்சியும் கொடுத்தார்கள். கொதிப்புக்கு மாத்திரை கொடுத்து, கருவாட்டுக்குத் தடையும் போட்டார்கள். கழுத்து வலியை அவன் பொறுத்துக்கொண்டான். கருவாட்டுக்குத்தான் கண் கலங்கினான்.

பஞ்சாலை இன்னும் சில முறை போய் வந்தாள். நிவேதிதா சொன்னபடி முட்டி போட்டுப் பொறுக்கப் பழகினாள். சாயங்காலத்தில் புருஷனும் பொண்டாட்டியும் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக் காலைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள்.

பக்கத்து வீட்டு முத்தாயி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "என்னாடி இது, இருட்டறதுக்கு முன்னாடியே?"

"ஒனக்குந்தான் முட்டி வலிக்குதே," என்று படுத்தபடியே கூப்பிட்டாள் பஞ்சாலை. "பாய எடுத்துக்கிட்டு வா!"