அக்கா போகாத பத்து நாள் பயணம்

ஆண்டவருக்குள் துயிலும் எங்கள் அக்கா, கடத்தூரை அடுத்த ஒரு மானாவாரி விவசாயக் குடும்பத்தில் மூத்த மகளாகப் பிறந்தார். பங்குக் கோயில் பள்ளியில் தொடங்கி, பூச்சியியலில் முனைவர் பட்டம் வரை படித்து, வேளாண் விஞ்ஞானியானார். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். தெரியாததை எழுதத்தான், தம்பி என்கிற முறையில், அக்காவின் முதலாண்டு நினைவுக்காகப் பங்கு மடலில் இந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்கினேன்.

பூச்சிகளை நீர்வண்ணத்தில் வரைவது அக்காவின் பொழுதுபோக்கு. ஒவ்வொரு படத்தின் கீழும் அது கிடைத்த இடத்தை எழுதுவார். இடம் தெரியாத பூச்சி ஆராய்ச்சிக்கு உதவாதாம். அந்தமான், மேகாலயா, கென்யா என்று நோட்டுகள் நிறைந்தன. "கல்யாணம் எப்பங்க?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "வண்டு புடிச்சு முடியட்டுங்க" என்று சிரிப்பார்.

அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது, "ஆறே மாசம் பாத்துக்கக்கா, அப்புறம் நான் வந்துடறேன்" என்றேன். அக்கா விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினார். ஆறு மாதம் ஏழு வருடமாயிற்று. அக்கா கையால் மட்டுமே அம்மா சாப்பிட்டார். அரை மணி நேரம் காணாவிட்டால் அழுவார். அக்காவால் ஞாயிறு திருப்பலிக்கும் போக முடியவில்லை. மாதத்தின் முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு வீடு தேடி நற்கருணை கொண்டுவரும் பங்குத்தந்தை, தம் பட்டியலில் அக்கா பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

ஒருமுறை அக்கா வாய்விட்டே கேட்டார். "கூட வேலை செஞ்சவங்க மேகாலயா போறாங்க தம்பி. பத்தே நாளு. வூட்ல வந்து இருக்கறயா?"

சரி என்றேன். மருந்து நேரங்களை எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினார், பையும் கட்டிவிட்டார். புறப்படும் நாள் காலையில் பெங்களூரிலிருந்து கூப்பிட்டு, ஆபீசில் லீவு தரவில்லை என்றேன். நான் லீவே கேட்கவில்லை. அதை இன்று உங்கள் எல்லோர் முன்பும் ஒப்புக்கொள்கிறேன். அம்மாவைக் கழுவிவிட எனக்குக் கூச்சம், அவ்வளவுதான். "சரி தம்பி, அடுத்த மழைக்குப் பாத்துக்கலாம்" என்றார் அக்கா. திட்டியிருக்கலாம். அடுத்த மழைக்கும் அதே பொய்யைச் சொன்னேன்.

நெஞ்சு வலியையும் அக்கா அப்படித்தான் தள்ளிப்போட்டார். டாக்டரிடம் போனால் அம்மாவோடு யார் இருப்பது? போன வருடம் அடுப்படியில் சாய்ந்தவர் எழவில்லை.

அடக்கம் முடிந்தபின் அவருடைய கடைசி நோட்டைத் திறந்தேன். அந்துப்பூச்சி, இடம்: அம்மா அறை, ட்யூப்லைட். கட்டெறும்பு, இடம்: அம்மா கட்டில், இடது கால். ஈ, இடம்: கஞ்சிக் கிண்ணம். கடைசிப் பக்கம் வரை அந்த ஒரே அறைதான்.

இப்போது அந்த அறையில் நான் இருக்கிறேன். ஊட்டுகிறேன், கழுவிவிடுகிறேன். வாசல் வரை போனாலும் உள்ளிருந்து குரல் வந்துவிடுகிறது. ஒரே வருடத்தில் எனக்கு மூச்சு முட்டுகிறது.

அக்காவின் அடக்கத்தில் முன்னின்ற பங்குத்தந்தைக்கும், மூன்று நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறாக்கிப் போட்ட எதிர்வீட்டுத் தையற்கடை பாய் குடும்பத்துக்கும், துக்கம் கேட்க வந்த உங்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி.

அம்மாவுக்கு இப்போது எதுவும் நினைவில் நிற்பதில்லை. நேற்றும் கஞ்சி ஊட்டும்போது, "பெரிய புள்ள எங்கடா?" என்று கேட்டார்.

"ஊரு சுத்தப் போயிருக்குதும்மா."

வாயிலிருந்ததை மெல்ல விழுங்கிவிட்டு அம்மா சொன்னார்: "போவட்டும். நீ போன் பண்ணிக் கூப்புட்டுடாத."