கறுக்காத மருதோன்றி

எருக்கலம்பிட்டியில் கல்யாணப் பொண்ணுக்குக் கை வரைய நசீறாவைக் கூப்பிட்டால், முதல் தடவை வரும்போது அவள் கையைத் தொடவே மாட்டாள். காதைத்தான் பார்ப்பாள். காதுக்குப் பின்னால், முடி மறைக்கிற இடத்தில், தான் குழைத்து வந்த மருதோன்றியில் ஒரு மிளகளவு தொட்டு வைப்பாள். காய்ந்ததும் துடைத்துவிட்டு, “ரெண்டு நாளைக்கு அந்த இடத்தில சவுக்காரம் போடாத புள்ள. கடிச்சா, தடிச்சா உடனே ஆளனுப்பு” என்று சொல்லி எழும்பிவிடுவாள். பொண்ணின் முகத்தில் பூசப் போகிற பவுடருக்கும் கிறீமுக்கும் அதே சட்டம்தான்.

“நசீறா ராத்தா கண்ணூறுக்குப் பொட்டு வைக்கிறா” என்று ஊர்ப் பெண்கள் பகிடி பண்ணுவார்கள். அவள் மறுத்துப் பேச மாட்டாள். பொட்டு வைக்க விடாத வீட்டில் தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுவாள்.

இந்தத் தொழிலை அவள் ஒருவரிடமும் போய்ப் படித்ததில்லை. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவை விட்டுப் போன குடும்பம். உம்மாவின் இடுப்பில் இருந்தபடி போனவள், புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்தாள். அந்தக் கொட்டில்களிலும் கல்யாணங்கள் நடந்தன. பொண்ணுகளின் உள்ளங்கையில் தீக்குச்சியால் பூப் போட்டுத்தான் தொடங்கினாள். இலையை நிழலில் காயவைப்பது, மெல்லிய துணியில் சலிப்பது, தேசிக்காய்ப் புளி எவ்வளவு, சீனி எவ்வளவு என்பதெல்லாம் சொந்தக் காலில் பூசிப் பார்த்துக் கண்டவை. சாந்தில் விடுகிற யூக்கலிப்டஸ் தைலம் குறைந்தால் நிறம் பிடிக்காது, கூடினால் தோல் எரியும். அந்த அளவைப் பிடிக்க அவளுக்கு ஒரு கோடை முழுக்கச் சென்றது. ஊருக்குத் திரும்பி, ஹலீமைக் கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. எந்தப் புதுப் போத்தலையும் முதலில் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பின்னால் உள்ள பொடி எழுத்தைப் படிப்பாள். விளங்காத பெயரை மன்னார் ரவுனில் பாமசி வைத்திருக்கும் சாந்தரூபனிடம் கேட்பாள்.

“அக்கா, நீங்கள் சாமான் வாங்க வாறதை விட விசாரிக்க வாறதுதான் கூட” என்பான் அவன். என்றாலும் சொல்லிக் கொடுப்பான். கிளிசரினைத் தண்ணீர் கலக்காமல் பூசினால் காய்ந்த தோல் இன்னும் காயும். கலமைனில் இருப்பது துத்தநாகச் சாம்பல், அரிப்புக் கடியை ஆற்றும், ஆனால் புண்ணில் பூசக் கூடாது. லேபல் இல்லாத வெள்ளைக் கிறீம் ஒரு கிழமையில் முகத்தை வெளுக்க வைத்தால் அதில் பாதரசம் இருக்கலாம், இல்லாவிட்டால் டொக்டர் எழுதித் தர வேண்டிய ஸ்டீரொயிட் இருக்கலாம். கைப்பிள்ளைக்கு மருதோன்றி வைக்கவே கூடாது, சில பிள்ளைகளின் இரத்தத்துக்கு அது ஒத்துவராமல் உடம்பு மஞ்சளாகிவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டு, தான் கண்டதோடு பொருத்திப் பார்த்து வைத்துக்கொண்டாள்.

றினோஸாவின் மகள் நிஸ்லாவுக்குக் கல்யாணம் பேசியபோதும் காது பார்க்கத்தான் போனாள். றினோஸாவும் அறையில் நிற்க, நிஸ்லா கதவைச் சாத்திவிட்டு, நீளக்கைச் சட்டையை முழங்கை வரை சுருட்டிக் காட்டினாள். இடது மணிக்கட்டுக்கு மேலே, வளைந்த கொடி மாதிரி ஒரு தழும்பு. இலையும் பூவும்கூடத் தெரிந்தன. கொடி இருந்த இடத்தில் தோல் வெளிறி மினுங்கியது.

“சின்ன வயசில புத்தளத்தில, பெருநாள் கடைத்தெருவில போட்டது ராத்தா. ஒரு மணித்தியாலத்தில கறுத்திட்டு. எனக்கெண்டா நல்ல சந்தோசம். ரெண்டு நாள் கழிச்சுக் கொப்புளமாப் போய், ஆஸ்பத்திரியில வச்சிருந்தவங்க.”

“மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியுமா?”

பதில் சொன்னவள் றினோஸா. “சொல்லேல்ல. தோல் வருத்தமெண்டு நினைச்சிட்டா? பிறகு குடும்பத்துக்கே பேராகிடும். நசீறா, உன்ர கையைப் பிடிச்சுக் கேக்குறன், இது இந்த அறையை விட்டு வெளிய போகக் கூடாது. நீ அது மேல வரைஞ்சு மறைச்சிரு.”

“என்ர வாயால போகாது” என்று வாக்குக் கொடுத்துவிட்டு நசீறா தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள். தழும்புத் தோலில் மருதோன்றி ஏறாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளை யோசிக்க வைத்தது தழும்பு அல்ல. ஒரு மணித்தியாலத்தில் கறுத்தது இலையாக இருக்க முடியாது. அது தலைமுடிக்குப் போடுகிற கறுப்புச் சாயம். இலைச் சாந்தோடு கலந்து தோலில் போட்டிருக்கிறார்கள்.

“இந்த உடம்பு அதை மறக்காது புள்ள” என்றாள். “இனி உன்ர சீவியத்தில கறுப்புக் கோன் ஒரு சொட்டும் படக் கூடாது. தலைக்கு டையும் வேணாம். என்ர இலை உனக்கு ஒண்டும் செய்யாதெண்டுதான் நினைக்கிறன். எண்டாலும் பொட்டு வச்சுப் பாப்பம்.”

பொட்டு வைத்த இடம் தடிக்கவில்லை.

நிக்காஹ்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, சிலாவத்துறையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வான் வண்டி பிடித்து வந்தார்கள். மாப்பிள்ளை ஹில்மிக்கு உம்மா இல்லை. அவனை வளர்த்தெடுத்த சின்னம்மா முறைச் சாச்சி அஸீபாதான் முன்னால் இறங்கினாள். அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பொண்ணுக்கு வைக்கிற மருதோன்றி மாப்பிள்ளை வீட்டுத் தட்டில்தான் வர வேண்டும். முதல் பொட்டை மாப்பிள்ளையின் உம்மா உள்ளங்கையில் வைக்க வேண்டும். அஸீபா தூக்கி வந்த தட்டில் பட்டுத் துணிக்கு மேலே, தங்க நிறக் கடதாசி சுற்றிய கோன்கள் அடுக்கியிருந்தன.

“வெளிநாட்டில இருக்கேக்க ஹில்மி வாங்கி அனுப்பினவன்” என்றாள் அஸீபா. “கரி மாதிரிப் பிடிக்குமாம். கறுப்புக் கூடினா மாப்பிள்ளைக்குப் பொண்ணு மேல ஆசையும் கூடும். என்ன நசீறா?”

வந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நிஸ்லா தலையைக் குனிந்துகொண்டாள். சட்டைக் கை விரல்கள் வரை இறங்கியிருந்தது.

நசீறா ஒரு கோனை எடுத்து முகர்ந்தாள். இலை வாசம் ஒரு பொட்டும் இல்லை. வெள்ளைத் துணித் துண்டொன்றில் கொஞ்சம் பிதுக்கி ஓரமாக வைத்தாள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் துணி கறுத்துவிட்டது.

“ராத்தா, இலை சிவக்கும். கறுக்காது. இது முடிச்சாயம். இதை நான் ஒரு பொண்ணுக்கும் வைக்கிறேல்ல.”

அஸீபாவின் முகம் இறுகியது. “எங்கட பொடியன் ஆசையா அனுப்பினதை நீ துணியில துடைச்சுப் போட்டு வேணாமெண்டுறியோ? எத்தினை பேர் வைக்கினம், ஆருக்கு என்ன நடந்தது?”

“எல்லாருக்கும் நடக்காதுதான். நடக்கிற ஆளுக்கு நடக்கும்.”

“சரி, உன்ர வழக்கப்படியே செய்வம். காதுக்குப் பின்னால இந்தக் கோனில ஒரு பொட்டு வை. ஒண்டும் இல்லையெண்டா கையில வைக்கலாம்தானே?”

நல்ல நியாயம். வேறொரு பொண்ணாக இருந்திருந்தால் நசீறாவும் யோசித்திருப்பாள். ஆனால் ஒரு தடவை வெந்த உடம்புக்கு அந்தப் பொட்டே போதும்.

“பொட்டும் வைக்கேலாது” என்றாள்.

அஸீபா நசீறாவைப் பார்த்தாள், பிறகு நிஸ்லாவைப் பார்த்தாள். “ஏன் வைக்கேலாது? பொண்ணுக்கு ஏதும் வருத்தம் இருக்கோ?”

றினோஸா குறுக்கே வந்தாள். “அப்படி ஒண்டுமில்ல மச்சி” என்றாள், தேவைக்கு மேலே சத்தமாக.

நசீறா கோனைத் திரும்பத் தட்டில் வைத்தாள். தழும்பைப் பற்றிச் சொன்னால் கொடுத்த வாக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் இவர்கள் ரவுனிலிருந்து வேறொருத்தியைக் கூட்டி வந்து அந்தக் கோனையே வைப்பார்கள், கல்யாணத்தன்று நிஸ்லாவின் இரண்டு கையும் கொப்புளித்து நிற்கும். கோபத்தில் அஸீபா முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள். அப்போதுதான் நசீறாவின் கண்ணில் அது பட்டது. புதிதாகச் சாயம் போட்ட தலை, ஒரு நரை இல்லை. ஆனால் நெற்றியில் முடி தொடங்குகிற ஓரமெல்லாம் சிவந்து, பொருக்குத் தட்டியிருந்தது. அஸீபாவின் விரல் தானாகப் போய் அங்கே சொறிந்தது.

“ராத்தா, கொஞ்சம் குசினிப் பக்கம் வாங்கோ” என்றாள் நசீறா.

குசினியில் ஒருவரும் இல்லை. நசீறா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “குறையாச் சொல்லேல்ல. தலைக்கு டை போட்டா எத்தினை நாளைக்குக் கடிக்குது?”

“உனக்கு ஆர் சொன்னது?”

“நெத்தி சொல்லுது.”

அஸீபா முந்தானையை நெற்றிக்கு இழுத்தாள். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். “முந்தி ஒரு நாள் கடிக்கும். இப்ப கிழமைக் கணக்கில. இந்தமுறை கண்ணிமையும் வீங்கிப் போச்சு. அலர்ஜிக் குளிசையைப் போட்டுக்கொண்டுதான் வானில ஏறினனான். என்ன செய்யச் சொல்றாய்? தாயில்லாப் பொடியன்ர கல்யாணம். தாய் இடத்தில நான் நிக்கவேணும். நரைச்ச தலையோட நிண்டா, கிழவி வளத்த பொடியன் எண்டுவாங்கள்.”

“இனிப் போடாதேங்கோ ராத்தா. ஒவ்வொரு தரமும் கூடிக்கொண்டுதான் போகும், மூச்சும் முட்டலாம். கண் வீக்கத்தை டொக்டரிட்டக் காட்டுங்கோ. நீங்கள் கொண்டந்த கோனில இருக்கிறதும் அதே சாமான்தான்.”

“அதே சாமானோ?” அஸீபா திரும்பினாள். “அப்ப இது வருத்தமில்லையோ? நான் எனக்கென்னவோ தோல் நோய் வந்திட்டெண்டு வீட்டிலயும் சொல்லாம...”

“நோய் இல்ல. உடம்புக்கு அது பகை. அவ்வளவுதான்.”

குசினி வாசலில் நிழல் விழுந்தது. தேத்தண்ணிக் கோப்பைகளோடு நிஸ்லா நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. கோப்பைகளை மேசையில் வைத்தாள். பிறகு, உம்மா பின்னாலிருந்து “நிஸ்லா!” என்று கூப்பிடக் கூப்பிட, சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை அஸீபாவுக்கு முன்னால் நீட்டினாள்.

“எனக்கும் அதுதான் மாமி.”

அஸீபா அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். தழும்பை மேலிருந்து கீழே விரலால் தொடர்ந்தாள். றினோஸா வாசலில் சேலைத் தலைப்பை வாயில் வைத்தபடி நின்றாள்.

“என்ர றப்பே” என்றாள் அஸீபா கடைசியில். “இந்தப் பிஞ்சுக் கையில நான் இதைக் கொண்டந்து வைக்கப் பாத்தனே.” பிறகு றினோஸா பக்கம் திரும்பினாள். “ஏன் மச்சி ஒளிச்ச நீங்கள்? நானும் முக்காட்டை இழுத்து ஒளிச்சுக்கொண்டுதானே திரிஞ்சனான். சம்பந்தியெண்டா நல்ல சம்பந்திதான்!”

றினோஸாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

தட்டு வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பதில் மட்டும் அஸீபா விட்டுக்கொடுக்கவில்லை. கோன்களை எடுத்துவிட்டு, நசீறாவின் இலைச் சாந்துக் கிண்ணத்தை அந்தப் பட்டுத் துணியில் வைத்தார்கள். அஸீபா தட்டை இரண்டு கையாலும் தூக்கி, அறையை ஒரு சுற்றுச் சுற்றி, “பிஸ்மில்லாஹ்” சொல்லி நிஸ்லாவின் உள்ளங்கையில் முதல் பொட்டை வைத்தாள். ஹில்மிக்குப் போனில் என்ன சொன்னாள் என்பது தெரியாது. கோன்கள் குப்பைக்குத்தான் போயின, வானில் திரும்பிப் போகவில்லை.

பின்னேரம் முழுக்க நசீறா குனிந்திருந்து வரைந்தாள். தழும்பை மறைக்கப் பார்க்கவில்லை. அந்தக் கொடியின் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு இழுத்து, வெளியெல்லாம் அடர்த்தியாக நிரப்பினாள். வெளிறிய தோல் இலையும் பூவுமாக நடுவில் நின்றது. வேண்டுமென்றே விட்ட வெள்ளைக் கொடி என்றுதான் பார்க்கிறவர் நினைப்பார்.

எழும்பும்போது அஸீபா கூப்பிட்டாள். “நசீறா, எனக்கும் காதுக்குப் பின்னால ஒரு பொட்டு வை. ஒண்டும் செய்யாட்டி, அடுத்த நரைக்கு உன்ர இலைதான்.”

“நெத்தி ஆறட்டும் ராத்தா. அதுக்குப் பிறகு பொட்டு வைப்பம். எண்டாலும் நரை செம்மறி ஆட்டு நிறத்துக்கு வரும், சொல்லிப்போட்டன்.”

“வரட்டும். செம்மறி வளத்த பொடியனெண்டு சொல்லட்டும்.”

அடுத்த நாள் காலையில் காய்ந்த சாந்தைச் சுரண்டியபோது நிறம் வெறும் ஆரஞ்சாக, தோடம்பழ நிறமாகத்தான் இருந்தது. இரவு அங்கேயே தங்கியிருந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். “பொறு புள்ள, அது இனித்தான் சிவக்கும்” என்று அவளை அடக்கியவள் அஸீபாதான்.

வலீமா விருந்துக்கு நசீறா சிலாவத்துறை போனாள். பலர் சேர்ந்து உண்ணும் பெரிய தட்டான சகனில் உட்காருவதற்கு முன் நிஸ்லாவைத் தேடி, கையை வாங்கிப் பார்த்தாள். செத்தல் மிளகாய் போல ஆழ்ந்த சிவப்பு. ஒரு கொப்புளம் இல்லை, ஒரு தடிப்பும் இல்லை. வெள்ளைக் கொடி தெளிவாக நின்றது.

“ராத்தா, இவர் இந்த வெள்ளைக் கொடி நல்ல வடிவெண்டார்” என்றாள் நிஸ்லா மெதுவாக.

“நீ என்ன சொன்னாய்?”

“என்னெண்டு வந்ததெண்டு சொன்னனான்.”

நசீறா தலையாட்டினாள். பிறகு பழக்க தோஷத்தில், நிஸ்லாவின் முக்காட்டைக் கொஞ்சம் விலக்கிக் காதுக்குப் பின்னாலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.