கண்ணாடி அறைக்கு ஒரு பிரஷ்

இன்று ராயப்பேட்டையில் பிரஷ் வாங்கப் போனேன்.

"வெளிப்பக்க ஜன்னல் சட்டமெல்லாம் தேய்க்கணும், பாய். செடி வைக்கிற கண்ணாடி அறையும் இருக்கு. அடையாறுல, ஆத்தங்கரையை ஒட்டின வீடு" என்றேன்.

கடைக்காரர் கம்பி பிரஷை எடுத்தார்.

பக்கத்தில் துடைப்பம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "கம்பி வேண்டாம். மேற்குச் சட்டம் மழையில ஊறின மரம், பிஞ்சுடும். கண்ணாடிக்குக் குதிரைமயிர் பிரஷ் வாங்குங்கோ" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் தேய்ச்ச ஜன்னல்தானே. யுத்தத்துல குண்டு போடப்போறான்னு ஊரே ஓடினப்போ, கிடைச்ச விலைக்கு வித்துட்டுப் போனோம். திரும்பி வந்து இப்போ இங்கேதான் வாடகைக்கு இருக்கோம்."

வீட்டை வாங்கும்போது அவர் கணவரை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"கண்ணாடி அறையில நான் வெச்ச பெரணிச் செடி இருக்கா?" என்று கேட்டார்.

"நன்னா இருக்கு" என்றேன். ஒருநாள் வந்து பாருங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அவர் துடைப்பத்தோடு போய்விட்டார்.

மத்தியானம் அவர் சொன்ன பிரஷால் தேய்த்தேன். கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. மனசுதான் சரியில்லை.

பாயைக் கேட்டால் அவர் வீடு தெரிந்துவிடும். ஆனால், நீங்கள் விற்ற வீட்டுக்கே உங்களை ஒருத்தி காப்பி சாப்பிடக் கூப்பிட்டால், போவீர்களா? சொல்லுங்கள்.