ரெண்டு மிதி

என் பட்டறையின் பின்பக்கக் கொட்டகையில் அந்த வெள்ளைக் கார் நாலு மாதம் பத்து நாள் நின்றது. கணவனை இழந்த என் கூட்டாளியின் மனைவி வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த காலம் அது. அத்தனை நாளும் நான் கொட்டகைப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். ஸ்பேனர் எடுக்கப் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். பட்டப்பகலில், பட்டறை நிறைய ஆட்கள் இருக்கும்போதே, அந்தக் கார் ரெண்டு தடவை உறுமுகிற மாதிரி இருக்கும். போய்ப் பார்த்தால் பேட்டரி கழற்றிப் போட்ட வண்டி, டயரில் காற்று இறங்கிக் கிடக்கும். பயந்தாங்கொள்ளிப் பயல் நான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

கார் அந்தக் கூட்டாளியுடையது. வளைகுடாவில் பாதி ஆயுசைக் கழித்துவிட்டு மேலப்பாளையத்துக்குத் திரும்பியவன் ஆசைப்பட்டு வாங்கிய பழைய பெட்ரோல் கார். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று முடிவு செய்கிற கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று உண்டு. ஈசியூ என்போம். அது கெட்டுப்போயிருந்தது. வண்ணார்பேட்டை சிக்னலில் நின்றால் வண்டி ஆஃப் ஆகிவிடும். பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தால் எடுக்கமாட்டான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அவமானம் தாங்காது.

"ஏலே, எனக்கு வேகம் கீகம் ஒண்ணும் வேண்டாம். நிக்கும்போது பைய ஓடணும். சத்தமே கேக்கப்பிடாது, ஆஃப் ஆகப்பிடாது. அம்புட்டுத்தான்" என்றான்.

அதற்கு வழி இருந்தது. உடைத்த வண்டியிலிருந்து அதே மாதிரிப் பெட்டி ஒன்றைத் தேடி மாட்டியிருக்கலாம். அல்லது பழைய பெட்டியை விட்டுவிட்டு, அதை ஏமாற்றி வேலை வாங்குகிற சின்னப் பெட்டி ஒன்றை நடுவில் கோத்திருக்கலாம். அவனுக்கு அதுவே போதும். எனக்குத்தான் போதவில்லை. பழைய பெட்டியையும் ஒயரிங்கையும் மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டு, ஒவ்வொரு எண்ணையும் நாமே எழுதிக்கொள்கிற புதுப் பெட்டியை மாட்ட வேண்டும் என்று எனக்குப் பல வருடமாக ஆசை. எஞ்சின் செய்வதையெல்லாம் நொடிக்கு நொடி உள்ளுக்குள் பதிந்துவைக்கும் பெட்டி அது. பேசிப் பேசியே அவனைச் சம்மதிக்க வைத்தேன். நான்தான் தேர்ந்தெடுத்தேன், வேறு யாரும் இல்லை.

டியூனிங் பதினாறு நாள் ஆனது. காலையில் சீவலப்பேரி ரோட்டில் அவன் ஓட்ட, நான் மடியில் லேப்டாப்போடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஓட்டத்துக்கான எண்கள் சீக்கிரம் அமைந்துவிட்டன. வண்டி நிற்கும்போது எஞ்சின் சும்மா ஓடுகிற ஐடிலிங்தான் உயிரை வாங்கியது. ஏசி போட்டால் எஞ்சின் ஒரு முக்கு முக்கி, அப்புறம் துள்ளும். அந்தத் துள்ளலை ஒழித்தே தீருவது என்று பிடிவாதமாக உட்கார்ந்தேன். கடைசி நாள் எஞ்சின் மேல் ஒரு டீ கிளாஸை வைத்து ஏசியைப் போடச் சொன்னேன். டீ அசையவில்லை. அவன் சொக்கிப்போனான். "நம்ம வண்டில ஏசி போட்டா எஞ்சினுக்கே தெரியாதுலே" என்று பார்த்தவனிடமெல்லாம் சொல்லித் திரிந்தான். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்த நாட்களில் எங்களுக்குள் ஒரு பாஷை உண்டாகியிருந்தது. அவன் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே இருப்பான், நான் பானட்டைத் திறந்துவைத்து வெளியே நிற்பேன். கத்தினால் கேட்காது. அதனால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தால் 'சரி'. அடுத்தடுத்து ரெண்டு மிதி மிதித்தால் 'இங்கன வா'. என்னவோ ஏதோ என்று ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், "ஒண்ணுமில்லலே, ஒம் மூஞ்சியப் பாக்கணும்னு தோணுச்சு" என்பான். எருமைமாட்டுப் பயல்.

அப்புறம் ஒரு மத்தியானம் அவன் தனியாகக் கூடங்குளம் போகிற வழியில் காரை ஓரங்கட்டியிருக்கிறான். நெஞ்சுவலி. கண்ணாடிகளில் வெயில் மறைப்பு, உள்ளே ஏசி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரே டீக்கடை. சாயங்காலம் யாரோ சந்தேகப்பட்டுக் கதவைத் திறந்து பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. வண்டியை எடுத்துவரப் போன என்னிடம் டீக்கடைக்காரர் கையைப் பிசைந்தார்.

"எஞ்சின் ஓடுதுன்னே தெரியல அண்ணாச்சி. மனுசன் அசந்து தூங்குதாருன்னு இருந்துட்டோம்."

பழைய பெட்டியாக இருந்தால் அந்த ஓரத்தில் நின்றதுமே வண்டி ஆஃப் ஆகியிருக்கும். ஏசி நின்றிருக்கும். வெக்கை தாங்காமல் அவனே எப்படியாவது கதவைத் திறந்திருப்பான், எதிரே இருந்தவர்கள் ஓடிவந்திருப்பார்கள். இந்த நினைப்பு ஒரு நாளும் என்னை விட்டதில்லை.

இத்தா முடிந்த மறுநாளே அந்தத் தங்கச்சி ஆட்டோவில் வந்து இறங்கினாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அன்னைக்குக் காலைல அவுகளுக்கும் எனக்கும் சண்டை. மூணு மணிக்கு போன் போட்டேன், எடுக்கல. பின் சீட்டுப் பைக்குள்ள கெடந்துச்சாம். கோவத்துல எடுக்கலைன்னு நெனச்சு நானும் பொறவு போடல. அப்போ அவுக உசுரோட இருந்தாகளா, மௌத்தாயிட்டாகளா? ஒங்க பெட்டிக்குத் தெரியும்லா?"

தெரியும். நாலு மாதமாக நான் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதற்காகத்தான். வேறு பேட்டரி மாட்டி, லேப்டாப்பை இணைத்தேன். பெட்டியின் கடிகாரத்தை என் போனைப் பார்த்து நானே சரி வைத்திருந்ததால் நேரத்தில் பிசகு கிடையாது. ரெண்டே முக்காலுக்கு வண்டி நின்றிருக்கிறது. அதற்குமேல் ஐடிலிங் கோடு, ரூல்தடி வைத்து இழுத்த மாதிரி நேராகப் போனது. நேராக மட்டும் போகவில்லை. மூணு மணிக்கு முன்னால் அடுத்தடுத்து ரெண்டு சின்ன மேடு. மூணுக்குச் சற்றுப் பின்னால் ரெண்டு. மூணேகாலுக்கு இன்னும் சின்னதாய் ரெண்டு. அதன்பின் சாயங்காலம் யாரோ சாவியைத் திருப்பி அணைக்கும்வரை ஒன்றுமே இல்லை.

"சொல்லுங்கண்ணே."

"இல்லம்மா. வண்டி நின்ன ஒடனே முடிஞ்சிருக்கு. நீ போன் போடும்போது அவன் இல்ல."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நிம்மதியாக அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். பிறகு கண்ணைத் துடைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் வந்து, அந்த மேடுகளின் மேல் விரலை வைத்தாள்.

"இது என்னது?"

"ஏசி ஓடி ஓடி நிக்கும்லா, அதுதாம்மா."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏசி போட்டா எஞ்சினுக்கே தெரியாதுன்னுல்லா அவுக சொல்லுவாக."

நாங்கள் அடித்துக்கொண்ட தம்பட்டமே என் கழுத்தைப் பிடித்துவிட்டது. அதற்குமேல் எந்த வாயை வைத்துப் பொய் சொல்ல? எங்கள் பாஷையைச் சொன்னேன். ரெண்டு மிதி என்றால் என்ன, ஹாரனுக்குக் கை எழும்பாமல் காலால் அவன் யாரைக் கூப்பிட்டிருக்கிறான் என்று சொன்னேன். மூணேகால் வரைக்கும் உயிரோடுதான் இருந்தான் என்பதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீக்கடை எம்புட்டுத் தூரம்?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டறை வாசல் கேட்டைக் காட்டினேன். போய் அங்கே நின்றுகொண்டாள். "மிதிச்சுக் காட்டுங்கண்ணே."

நான் ஏறி, கண்ணாடியை ஏற்றி, கதவைச் சாத்தினேன். முதல் சாவிக்கே எஞ்சின் பிடித்துக்கொண்டது. திரையில் இருந்த அளவுக்கு, வலுவில்லாத ஒரு காலால் எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு, ரெண்டு தடவை மிதித்தேன். இறங்கி வந்தேன்.

அவள் கேட்டைப் பிடித்தபடி, காதைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தாள். "ம், மிதிங்கண்ணே" என்றாள்.

நான் மிதித்து முடித்திருந்தேன்.