வேப்பனப்பள்ளியில் வன்னிக் காற்று

மூக்கண்டப்பள்ளியில் நான் தேத்தண்ணி கேட்டால் டீக்கடைக்காரர் மலையாளத்தில் பதில் சொல்வார். தமிழில்தானே கேட்டேன் என்றால், "இது எந்தூருத் தமிழு?" என்பார். எங்கள் ஊரிலிருந்து கனடா போன சொந்தங்கள் நீங்களோ, போனில், "தமிழ்நாடுதானே, உனக்கென்ன குறை?" என்கிறீர்கள். கன்னடமும் தெலுங்கும் தாராளமாகப் புழங்கும் இந்த ஊரில் என் தமிழுக்குத்தான் இடமில்லை. வன்னியிலிருந்து படகேறி வந்து, முகாமில் கிடந்து, இப்போது இங்கே ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறேன்.

வன்னியில் சண்டை நின்று சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த நாட்களில், எங்கள் சூப்பர்வைசர் முருகேசன் என்னையும் மனைவி வசந்தியையும் வேப்பனப்பள்ளிக்கு அழைத்துப் போனார். "உங்கூரு சத்தத்த டேப்பு புடிச்சாந்து போடறாங்களாம், வாப்பா."

பெங்களூர்க் கலைஞர் ஒருவர் வன்னியில் பதிந்த ஒலிகளை ஒரு மாந்தோப்பில் ஒலிக்கவிட்டிருந்தார். மரத்துக்கு மரம் ஸ்பீக்கர். போரின் நினைவாம், மனிதக் குரல் ஒன்றுகூட இருக்காதாம். காரில் வந்தவர்கள் ஜமக்காளத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். பனையோலைகள் உரசின. தவிட்டுக் குருவிகள் கத்தின. "எங்கட புலுனியள்," என்று வசந்தி சிரித்தாள்.

சட்டெனக் குருவிகள் அடங்கின. அழகுக்காக அவர் வைத்த மௌனம் அது. எங்களுக்கோ, குருவி அடங்கினால் குண்டு போடும் விமானம் வருகிறது என்று அர்த்தம். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓடுவோம். ஒருநாள் எங்கள் மகளை வசந்தியால் எட்டிப் பிடிக்க முடியவில்லை.

இப்போது பக்கத்தில் இருந்த குழந்தையை வாரிக்கொண்டு அவள் தரையில் குப்புற விழுந்தாள்.

"ஏய், யாரும்மா நீ? புள்ளய விடு!" குழந்தையின் தாய் அவள் முடியைப் பிடித்து இழுத்தாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று யாரோ கத்தினார்கள். கலைஞர் மைக்கோடு ஓடிவந்தார். "ப்ளீஸ், அவங்கள தொடாதீங்க. இதத்தான் தேடிட்டிருந்தேன்."

வசந்தியின் அழுகையைப் பதிவுசெய்கிறார் என்று புரிந்ததும் மைக் வயரைப் பிடுங்கி எறிந்தேன். "எங்களைக் கேட்டனீங்களோ?" என்றேன்.

"கேட்டீங்களா? எப்படி இருந்துச்சு?" என்றார் அவர். நான் கேட்டது அனுமதியைப் பற்றி; அவருக்கோ நாங்கள் ஒலியைக் கேட்டோம் என்று விளங்கியது.

தோப்புக்காரர் குறுக்கே வந்தார். "அகதிங்கள உள்ள வுட்டா இப்படித்தான்." எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். முருகேசன் எங்களைத் தெரியாதவர்போல நின்றார்.

நாங்கள் சாலைக்கு வந்தபோது உள்ளே மறுபடி தொடங்கிவிட்டார்கள். பனையோலைச் சத்தம் முள்வேலி தாண்டி வந்தது. "வா, போவம்," என்றேன். வசந்தி வேலிக்கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"கொஞ்சம் பொறுங்கோ. காத்தை மட்டும் கேட்டிட்டு வாறன்."

கிருஷ்ணகிரி பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. எங்கள் ஊர்க் காற்று காதில் வீசிக்கொண்டே இருந்தது. எதிரே மாமரங்களில் ஓர் இலைகூட அசையவில்லை.